கர்ணனும் கவிஞர்களும்

சென்ற கோடை விடுமுறையில் ஒரு மாலைப் பொழுதில், அயனம்பாக்கம் ஏரிக்கரையில் என் பெயரனோடு அமர்ந்திருந்தேன். அவன் கையில் ஒரு படக்கதைப் புத்தகம் இருந்தது. "தாத்தா, பேட்மேனுக்குத் துணைவனாக வந்த ராபின் இந்நூலில் தானே தலைவனாக நிற்கிறான். இவற்றுள் எது மெய்?" என்று அவன் வினவினான். அமெரிக்க நாட்டில் 1940ஆம் ஆண்டு துணைவனாகப் படைக்கப்பெற்ற அவ்வீரன், வேறோர் எழுத்தாளர் கையில் 1984இல் நைட்விங் என்னும் புதுப்பெயர் பூண்டு தனி வீரனாயினான் என்பதையும் அவனே எனக்கு எடுத்துரைத்தான். கேட்டதும் என் நெஞ்சம் கர்ணனிடம் சென்றது.

மாணவர்களே! கர்ணன் ஒருவனே, ஆயினும் அவனைப் பாடிய புலவர் பலர். வியாசர் பாரதத்தில் தேர்ச்சக்கரம் மண்ணில் புதைய, அருச்சுனன் கணையால் அவன் வீழ்கின்றான். 18 பருவத்துள் 10 பருவங்களின் கதையைத் தமிழில் பாடிய வில்லிபுத்தூராரோ அவ்விடத்தே நெடிது நிற்கின்றார். கண்ணன் வேதியனாக வந்து இரக்க, கர்ணன் தான் செய்த புண்ணியம் அனைத்தையும் தன் குருதியால் தாரை வார்த்துக் கொடுக்கின்றான். வியாசரிடத்தில் இக்காட்சி இல்லை.

நம் தொண்டைநாட்டுத் தெருக்கூத்தில் அவன் இன்னும் உயர்கின்றான். 'கர்ண மோட்சம்' என்னும் கூத்தில் விடியுமளவும் அவனே தலைவன். போருக்குப் புறப்படுமுன் மனைவி பொன்னுருவியிடம் அவன் விடைபெறும் காட்சியில் அவையோர் கண்ணீர் விடுவர்.

ஆனால், முதற்பாகம் 1912இல் வெளிவந்த பாரதியாரின் பாஞ்சாலி சபதத்தைப் பாருங்கள். அங்கே பாஞ்சாலியே தலைவி. நீதி பேசிய விகர்ணனை இகழ்ந்து, அவள் சேலையைக் களையுமாறு கூறும் கொடியவனாகக் கர்ணன் நிற்கின்றான். இக்கொடுமை பாரதியார் புனைந்ததன்று, வியாசரே கூறியது.

கரையருகே நிற்பவனுக்குப் பனைமரம் வானளாவித் தோன்றும். அக்கரையில் நிற்பவனுக்கு அதுவே விரலளவாய்த் தோன்றும். மரம் வளரவுமில்லை, குறையவுமில்லை. காண்பவன் நின்ற இடமே வேறு. கொடையின் அருகே நின்ற புலவர்க்குக் கர்ணன் பெரியவன். பாஞ்சாலியின் கண்ணீரருகே நின்ற புலவர்க்கு அவன் சிறியவன்.

அங்ஙனமாயின், அவரவர் சொல்வது அவரவர்க்கு உண்மை என்று அமைந்துவிடலாமோ? ஆகாது என்பதே என் கருத்து. ஒருவனை உயர்த்திப் பாடுதல் கவிஞனுக்கு உரிமை. ஆயினும், அவ்வுயர்வில் மயங்கி அவன் செய்த தீங்கை மறத்தல் கற்பவனுக்கு அழகன்று. கொடையாளி என்பதற்காக அவன் அவையில் சொன்ன சொல் பொறுக்கத்தக்கதாகாது. அச்சொல்லைச் சொன்னான் என்பதற்காக அவன் கொடை பொய்யாகிவிடவும் இல்லை.

பாரதக் கூத்தில் துகிலுரிதல் ஓரிரவு நடைபெறும். கர்ண மோட்சம் மற்றோரிரவு நடைபெறும். ஓரிரவு மட்டும் கண்டு வீடு திரும்பியவன் கதையின் பாதியே கண்டவன்.

ஆதலின், எவரையேனும் ஒரு நூல் வானளாவப் புகழ்ந்தாலும், மண்ணோடு மண்ணாக இகழ்ந்தாலும், "இதனைச் சொல்பவர் எங்கே நின்று சொல்கின்றார்?" என்று வினவுங்கள். பின்னர் மற்றொரு நூலையும் எடுத்துப் படியுங்கள். படக்கதை வீரரை அளப்பதற்கும், பழங்கதை வீரரை அளப்பதற்கும், நாளை நீங்கள் பழகப்போகும் மனிதரை அளப்பதற்கும் இதுவே நேரிய வழி.