வெள்ளைக்காரன் எழுத்தை முழுங்குகிறானா?

"பாதி எழுத்தை முழுங்கிட்டுப் பேசறான்பா, சப்டைட்டில் இல்லாம ஒண்ணும் புரியல!" இங்கிலீஷ் பரீட்சையில் நூற்றுக்கு 90 வாங்கியவர்கள்கூடச் சொல்வது இதுதான். முழுங்குவது உண்மை. ஆனால் கண்டபடி முழுங்குவதில்லை. அதற்கும் ஒரு ஒழுங்கு உண்டு. பள்ளியில் தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு அதில் பாதி ஏற்கனவே தெரியும்!

'டூ இட்' சேர்ந்து வந்தால் 'டூவிட்'. 'சீ இட்' என்பது 'சீயிட்'. நடுவில் நுழைந்த வ், ய் யார்? திரு + அருள் = திருவருள், மணி + அடித்தான் = மணியடித்தான்... நம்ம உடம்படுமெய்யேதான். 'டென் பவுண்ட்ஸ்' வேகத்தில் 'டெம் பவுண்ட்ஸ்' ஆகிறது. அடுத்து வரும் 'ப'வுக்காக உதடு முன்கூட்டியே மூடிவிடுவதால் ன் போய் ம் வருகிறது. மரம் + கள் 'மரங்கள்' ஆவதும் இதே கதை. 'நெக்ஸ்ட் டே'யில் ஒரு ட் காணாமல் போகிறது. 'டிட் யூ' என்பது 'டிஜூ' ஆகிறது.

ஒரே ஒரு வித்தியாசம். தமிழில் இந்த மாற்றம் பெரும்பாலும் எழுத்திலேயே தெரியும். ஆங்கிலத்தில் வாய் மாறும், ஸ்பெல்லிங் மாறாது. ஆங்கிலத்தைக் கண்ணால் மட்டுமே படித்தவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

இது வெறும் ஸ்டைல் விஷயம் இல்லை. அமெரிக்கர் 'என்னால் முடியும்' என்று சொல்லும்போது 'கேன்' சுருங்கி 'கன்' ஆகிவிடும். 'முடியாது' என்றால் 'கேன்ட்' அழுத்தமாக வரும், கடைசி ட் சரியாகக் காதில் விழாது. ஆக, நம்மூர் ஆள் இன்டர்வியூவில் அழுத்தந்திருத்தமாக 'ஐ கேன் டூ' என்றால், எதிரில் இருப்பவர் 'முடியாது' என்று புரிந்துகொள்ளவும் வாய்ப்பு உண்டு. வேலையே போய்விடலாம்!

அதற்காக வெள்ளைக்காரன் மாதிரி நாக்கைச் சுழற்ற வேண்டியதில்லை. தெளிவாகப் பேசினால் போதும். ஆனால் காதைப் பழக்கியே ஆக வேண்டும். ஒரு நிமிட ஆடியோவைக் கேட்டு, காதில் விழுந்ததை எழுதி, அச்சில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பயிற்சி ஒவ்வொரு ஆங்கில வகுப்பிலும் இருக்கட்டும். மனப்பாடக் கட்டுரையில் ஒன்றைக் குறைத்தாலே அதற்கு நேரம் கிடைத்துவிடும்.

'வந்துகொண்டிருக்கிறேன்' என்று புத்தகத்தில் படித்துவிட்டுச் சென்னைக்கு வரும் வெளிநாட்டுக்காரர், 'வந்துட்டிருக்கேன்' என்று கேட்டதும் திருதிருவென்று முழிப்பார். அவரிடம் கேட்டால், நாமும்தான் முழுங்குகிறோம்!