சக்கரம் வைத்த வீடு

இரண்டு வாரமாக இந்தப் பக்கத்தில் என்னைக் காணாமல், "உடம்பு சரியில்லையா?" என்று விசாரித்து எழுதிய சகோதரிகளுக்கு முதலில் நன்றி. உடம்புக்கு ஒன்றும் இல்லை. வீட்டையும் கூட்டிக்கொண்டு வெளிநாடு போயிருந்தேன், அவ்வளவுதான்!

கணவரைக் கூட்டிக்கொண்டு போவது உண்டு. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போவதும் உண்டு. வீட்டை எப்படிக் கூட்டிக்கொண்டு போவது என்று நீங்கள் சிரிப்பீர்கள். நானும் சிரித்தேன். நியூஜீலாந்தில் கிறைஸ்ட்சர்ச் நகரத்தில் அந்த வண்டியைக் கண்ணால் பார்த்த பிறகுதான் சிரிப்பு அடங்கிற்று. 'மோட்டார் ஹோம்' என்கிறார்கள். முன்னால் பார்த்தால் லாரி. பின்னால் கதவைத் திறந்தால் ஒரு குடித்தனம். இருபத்து மூன்று அடி நீளம், ஏழு அடி அகலத்துக்குள் அடுப்பு, தொட்டி, குளிர்ப்பெட்டி, பகலில் சாப்பாட்டு மேஜையாகவும் இரவில் படுக்கையாகவும் மாறும் ஒரு பலகை, நம் வீட்டுப் பீரோ அளவில் ஒரு குளியலறை.

ஹோட்டல்களில் தங்கி ஊர் பார்த்திருக்கலாமே என்று கேட்கலாம். எங்கள் மீனுவுக்கு ஆறு வயது, கண்ணனுக்கு மூன்று. இரவு இரண்டு மணிக்குப் பால் கேட்பவனையும், ரசம் சாதம் தவிர மற்றதெல்லாம் சாப்பாடே அல்ல என்று தீர்மானித்திருப்பவளையும் வைத்துக்கொண்டு ஹோட்டல் ஹோட்டலாகப் பெட்டியைத் திறந்து மூடிப் பாருங்கள், புரியும். "இதிலே ஒரே தடவை பெட்டியைப் பிரிச்சாப் போதும்" என்றார் என் கணவர். அந்த ஒரு வாக்கியத்தில் நான் விழுந்துவிட்டேன்.

விமான நிலையத்தில் முதல் பரீட்சை. அந்த நாட்டில் விவசாயத்துக்குக் கெடுதல் செய்யும் பூச்சியோ விதையோ நுழைந்துவிடக் கூடாது என்பதில் மகா கண்டிப்பு. கொண்டுபோகும் சாப்பாட்டுச் சாமானை ஒன்று விடாமல் எழுதிக் கொடுக்க வேண்டும். மறைத்தால் அந்த இடத்திலேயே 400 டாலர் அபராதம். நான் பருப்புப் பொடி முதல் ஊறுகாய் வரை எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். கறிவேப்பிலை மட்டும் குப்பைத் தொட்டிக்குப் போயிற்று. கூடவே எங்கள் செருப்புகளின் அடிப்பாகத்தையும் திருப்பிப் பார்த்தார்கள். மண் ஒட்டியிருந்தால் அதற்கும் விசாரணை! போகிறவர்கள் செருப்பைத் தேய்த்துக் கழுவிவிட்டுப் போவது நல்லது.

ஓட்டுவதற்கு இவர் பயப்படவில்லை. நம் ஊரைப் போலவே இடது பக்கம்தான் ஓட்ட வேண்டும். சாதாரண மோட்டார் லைசென்ஸ் ஆங்கிலத்தில் இருந்தாலே போதும். ஆனால் ஏழு வயது நிரம்பாத குழந்தையை அதற்கென்று உள்ள ஆசனத்தில் கட்டித்தான் உட்கார்த்த வேண்டும்; அது சட்டம். வண்டி ஓடும்போது படுக்கையில் படுக்க விடுவதோ, மடியில் வைத்துக்கொள்வதோ கூடாது. நானும் பெல்ட்டைக் கழற்றிவிட்டு எழுந்து பால் கலக்கக் கூடாது. ஆகவே கண்ணனுக்குப் பசித்தால் வண்டி நிற்க வேண்டும். அவனுக்கு எப்போது பசிக்கும் என்பது அவனுக்கே தெரியாது.

முதல் வளைவிலேயே பாடம் கிடைத்தது. டமார் என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் இழுப்பறைகள் எல்லாம் திறந்துகொண்டு, ரசப் பாத்திரம் கதவு வரைக்கும் ஊர்வலம் வந்திருந்தது. வீடு நகரப் போகிறது என்றால், கிளம்புமுன் ஒவ்வொரு கதவையும் தாழிட வேண்டும். காஸை அடைக்க வேண்டும். இந்தச் சோதனையை மீனுவிடம் ஒப்படைத்தோம். அன்று முதல் அவள் சொல்லாமல் வண்டி கிளம்பியதில்லை.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் நான் தலை நிமிர்ந்து நடந்தேன். வண்டித் தொட்டியில் நூறு லிட்டருக்கும் குறைவாகத்தான் பிடிக்கும். பக்கத்து வண்டி அம்மாள் ஒரே நாளில் தீர்த்துவிட்டுத் தவித்தாள். சென்னையில் லாரித் தண்ணீருக்குக் குடம் வைத்துக் காத்திருந்தவளுக்கு இதெல்லாம் ஒரு பிரமாதமா? இரண்டு நாள் ஓட்டினேன்.

கழிவுநீருக்கு வண்டியிலேயே தனித் தொட்டி உண்டு. கழிப்பறைக்கு அடியில் ஒரு பெட்டி. நிரம்பியதும் அதை இழுத்து, அதற்கென்று ஊருக்கு ஊர் கட்டியிருக்கும் இடத்தில் கொட்டிக் கழுவ வேண்டும். கண்ட இடத்தில் கொட்டினால் அபராதம். இப்படிப்பட்ட வண்டிகளில் ராத்தங்குவதற்கு 2011-ல் ஒரு சட்டம் செய்தார்கள். 2023-ல் அதை இன்னும் இறுக்கி, முகாம் வசதி இல்லாத பொது இடங்களில் தங்க விரும்பினால் வண்டிக்குள் நிலையாகப் பொருத்திய கழிப்பறை இருக்க வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். ஏரிக்கரைகள் இவ்வளவு சுத்தமாக இருப்பதன் ரகசியம் இதுதான்.

இனி ஏரிக்கு வருகிறேன். கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து சுமார் 230 கிலோமீட்டரில் டெகாபோ ஏரி. கரையில் 1935-ல் கல்லால் கட்டிய ஒரு சின்ன மாதா கோயில் அளவு தேவாலயம். அதன் பின்னால் ஏரி. அந்த நீலத்தை என்ன நீலம் என்று சொல்வது? நீலத்தில் ஒரு கரண்டி பால் விட்டுக் கலக்கியதைப் போல. காரணத்தை இவர் மீனுவுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். மேலே மலையில் இருக்கும் பனியாறு மெள்ள மெள்ள நகர்ந்து, அடியில் அகப்பட்ட பாறைகளை ஆட்டுக்கல் மாதிரி அரைக்கிறதாம். அந்தக் கல்மாவு நைஸாக ஏரித் தண்ணீரில் வந்து மிதக்கிறதாம். அதன்மேல் வெயில் படும்போது இந்த வர்ணமாம்.

இதை நான் எங்கே நின்று கேட்டேன் என்கிறீர்கள்? வண்டிக்குள் தொட்டியருகில், பாத்திரம் துலக்கிக்கொண்டு, ஜன்னல் வழியாக!

அப்போது அது எனக்கு உறைக்கவில்லை. மறுநாள் 105 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் குக் மலைக்குப் போனோம். 3,724 மீட்டர் உயரம், அந்த நாட்டிலேயே பெரிய சிகரம். மாவோரி மக்கள் அதை 'ஆவோராகி' என்கிறார்கள். அங்கேயும் மூவரும் நடக்கப் போனார்கள். நான் படுக்கையை மடித்து மேஜையாக்கி, மேஜையில் சாப்பாடு வைத்து, சாப்பாட்டு மேஜையை மறுபடி படுக்கையாக்கினேன்.

இதற்குள் இவர் போட்டிருந்த பட்டியலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பன்னிரண்டு நாளில் ஏறக்குறைய 1,900 கிலோமீட்டர். வனாகா, குவீன்ஸ்டவுன், மில்ஃபோர்ட் சவுண்ட், அப்புறம் மேற்குக் கரைப் பனியாறுகள் என்று இரயில்வே கால அட்டவணை போல இருந்தது. ஐந்தாம் நாள் வனாகா போகும் வழியில் லிண்டிஸ் கணவாய். 971 மீட்டர் உயரத்துக்கு வளைந்து வளைந்து ஏற வேண்டும். காற்று வேறு பலமாக அடித்து, உயரமான வண்டியைப் பக்கவாட்டில் தள்ளிற்று. இவர் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டார். பாதி ஏற்றத்தில் கண்ணன் வாந்தி எடுத்தான். அதைப் பார்த்து மீனு எடுத்தாள். ஓரமாக நிறுத்தி, இருவரையும் கழுவித் துடைத்து, தொட்டியில் மிச்சமிருந்த தண்ணீரும் தீர்ந்தது.

அன்று மாலை வனாகா ஏரிக்கரை முகாமில் இவர் உற்சாகமாக ஒரு செய்தி சொன்னார். சக்கர வீட்டில் உல்லாசப் பயணம் போகும் வழக்கத்தை ஆரம்பித்துவைத்தவர்களில் ஒருவர், இங்கிலாந்தில் கப்பற்படை டாக்டராக இருந்து ஓய்வு பெற்ற கார்டன் ஸ்டேபிள்ஸ் என்பவராம். 1885-ல் 'வாண்டரர்' என்று ஒரு வண்டி செய்து, இரண்டு குதிரை பூட்டி, ஸ்காட்லாந்து வரைக்கும் போனாராம்.

"சமையல் யார்?" என்று கேட்டேன்.

"கூட ஒரு வண்டிக்காரனும் ஒரு வேலைக்காரனும் போனாங்க."

"நம்ம வண்டியிலே வண்டிக்காரர் உத்தியோகம் உங்களுக்கு. இன்னொரு உத்தியோகம் யாருக்கு?"

இவர் பதில் சொல்லவில்லை. அந்த மௌனத்தில் மீனு தன் படத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். நீல ஏரி, கரையில் அப்பா, அவள், கண்ணன். தூரத்தில் வண்டி.

"அம்மா எங்கேடி?"

"இதோ" என்று வண்டியின் ஜன்னலைத் தொட்டுக் காட்டினாள். சதுரத்துக்குள் ஒரு வட்ட முகம், நெற்றியில் ஒரு பொட்டு. "நீ எப்பவும் இங்கேதானேம்மா இருப்பே?"

குறையாக அவள் சொல்லவில்லை. மலைக்கு உச்சியில் பனி இருக்கும் என்பதைப் போலச் சொன்னாள். அதுதான் என்னைச் சுட்டது. ஆயிரக்கணக்கான மைல் தாண்டி வந்தும் நான் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. என் பெண்ணும் அதை இயற்கை என்றே எண்ணி வளர்கிறாள். எனக்குத் தொண்டை அடைத்தது. இவர் படத்தை வாங்கி வெகு நேரம் பார்த்தார்.

குழந்தைகள் தூங்கிய பிறகு மகாநாடு கூடிற்று. நியாயமாகச் சொல்கிறேன், இவர் கெட்டவர் அல்ல. ஊரில் பெரிய வீட்டில் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்பது கண்ணில் படுவதில்லை. இருபத்து மூன்று அடி வீட்டில் மறைக்க இடமில்லை. ஒருவர் வேலை செய்தால், அடுத்தவர் காலைத் தூக்கிக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது! தீர்மானங்கள் ஏகமனதாக நிறைவேறின: ஒரு நாள் ஓட்டினால் இரண்டு நாள் தங்குவது, நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓட்டுவதில்லை, காலைச் சமையலும் பாத்திரமும் அவர், மாலை நான், கழிவுப் பெட்டி முழுக்க முழுக்க அவருடைய இலாகா. மில்ஃபோர்ட் சவுண்டை அவரே பட்டியலிலிருந்து அடித்தார். குவீன்ஸ்டவுனிலிருந்து அங்கே போக மட்டும் சுமார் 288 கிலோமீட்டர். பனியாறுகளும் போயின. பார்க்காமல் வந்ததில் அவருக்கு வருத்தம் உண்டு, எனக்கும் உண்டு. ஆனாலும் சொல்கிறேன், மீதியிருந்த நாட்கள்தான் பயணம்; அதற்கு முன் நடந்தது சாமான் இடமாற்றம்.

வனாகாவில் மூன்று நாள் கல் பொறுக்கினோம். கண்ணன் பொறுக்கிய கற்களின் கனத்தில் விமானம் கிளம்புமா என்றே பயந்தேன். சமாதானம் சொல்லி ஏரிக்கே திருப்பிக் கொடுத்தோம். பிறகு நிதானமாக டெகாபோவுக்கே திரும்பினோம்.

அங்கே கோடையில் இரவு ஒன்பது மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும். 'இருட்டினால் தூக்கம்' என்று பழக்கிய குழந்தைகளிடம் சூரியனே எனக்கு விரோதியாகிவிட்டான். ஜன்னல் திரையை எல்லாம் இழுத்து மூடித்தான் தூங்கப் பண்ணினேன். ஆனால் நடுநிசியில் இவர் என்னை எழுப்பினார். அந்தப் பிரதேசத்தை 2012-ல் இருள் வானக் காப்பிடமாக அறிவித்திருக்கிறார்கள். தெரு விளக்குகள்கூடத் தலை குனிந்தே எரிகின்றன. மீனுவைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

மார்கழியில் நம் மொட்டை மாடியில் பார்ப்போமே, திருவாதிரை நட்சத்திரம்? சிவப்பாக, வேட்டைக்காரன் மண்டலத்தின் மேல் பக்கத்தில் இருக்கும். அங்கே அது கீழே இருந்தது! வேட்டைக்காரன் தலைகீழாக நின்றான். "ஏம்மா இப்படி?" என்றாள் மீனு. "பூமியோட அந்தப் பக்கத்துக்கு வந்துட்டோம், இங்கேயிருந்து பார்த்தா எல்லாம் தலைகீழ்" என்றேன். சொன்ன பிறகு எனக்கே சிரிப்பு வந்தது. உள்ளே பால் காய்ச்சிக்கொண்டிருந்தவர் என் கணவர்.

போக நினைக்கும் சகோதரிகளுக்கு இரண்டு வார்த்தை. நம் அரையாண்டு விடுமுறை அங்கே உச்ச சீசன், வாடகை எக்கச்சக்கம். பள்ளிக்கூடம் சேராத குழந்தையானால் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் போங்கள். ஒற்றை வண்டி மட்டும் போகக்கூடிய பாலங்கள் வழியெங்கும் உண்டு. பலகையைப் பார்த்து, யாருக்கு முதல் வழி என்று தெரிந்துகொண்டு ஏறுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கிளம்புமுன் பட்டியலை எடுத்துப் பாதியை அடித்துவிடுங்கள். வேலைப் பங்கீட்டை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் படம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். திரும்பி வரும் விமானத்தில் மீனு அதைத் திருத்தினாள். அழிக்க ரப்பர் இல்லை. ஆகவே கரையில் நின்ற அப்பாவுக்குப் பின்னலும் பொட்டும் வைத்தாள்; ஜன்னலில் இருந்த எனக்கு மீசை வைத்துவிட்டாள். இப்போது அது எங்கள் சமையலறைச் சுவரில் இருக்கிறது. தினமும் காலையில் காபி போடும்போது இவர் அதைப் பார்த்து மீசையைத் தடவிக்கொள்கிறார்.