கெர்னலைப் பெருக்குகிறவர்கள்

2012 ஜூலை 1, ஞாயிற்றுக்கிழமை. சென்னை மந்தைவெளியில் பால் பாக்கெட் வாங்கப் போனவர்கள் வீடு திரும்பும் அதிகாலை வேளை. மணி 5.30-ஐத் தொடுவதற்கு முன் உலகக் கடிகாரத்தில் ஒரு நொடி கூடுதலாகச் செருகப்பட்டது. அணுக் கடிகாரத்துக்கும் பூமியின் சுழற்சிக்கும் நடுவே விழும் வித்தியாசத்தைச் சரிக்கட்டும் ‘லீப் நொடி’ அது. மந்தைவெளியில் யாரும் கவனிக்கவில்லை. ரெட்டிட், மொசில்லா சர்வர்கள் திணறிப்போயின. ஆஸ்திரேலியாவில் குவான்டாஸ் விமான ஊழியர்கள் பயணிகளின் செக்-இன் வேலையைக் கையாலேயே செய்தார்கள்.

கோளாறு, லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் டைமர் நிரலில் இருந்தது. கடிகாரம் ஒரு நொடி நகர்ந்த சேதி, நுண்ணிய டைமர்களைக் கவனிக்கும் பகுதிக்குப் போய்ச் சேரவில்லை. அரை நொடி தூங்கி எழ வேண்டிய நிரல்கள் கண்ணை மூடியதும் எழுப்பப்பட்டன; மறுபடி தூங்கின, மறுபடி எழுப்பப்பட்டன. பிராசஸர் சூடேறியதுதான் மிச்சம். பலருக்குக் கைகொடுத்த வைத்தியம் வேடிக்கையானது: இப்போது மணி என்னவோ அதையே கம்ப்யூட்டருக்கு மறுபடியும் சொல்வது. சொன்னதும் அடங்கிவிட்டது.

பஸ் டெர்மினஸில் டைம் கீப்பர் பார்க்கும் வேலைதான் கெர்னலில் டைமருக்கு. எந்த வண்டி எப்போது கிளம்ப வேண்டும் என்று குறித்து வைத்து, நேரம் வந்ததும் குரல் கொடுப்பது. ஒரு வித்தியாசம் உண்டு. கெர்னலில் குறித்து வைத்தவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் குரல் கொடுக்கவே நேராது. காய்கறிக் கடையில் யுபிஐ-யில் பணம் அனுப்பும்போது, ‘இத்தனை நேரத்துக்குள் பதில் வராவிட்டால் மறுபடி அனுப்பு’ என்று போனுக்குள் ஒரு டைமர் வைக்கப்படுகிறது. பதில் வந்துவிடும், டைமர் அழிக்கப்படும். பெரும்பாலும் அழிக்கப்படவே போகும் டைமர்களைத் துல்லியமாக அடுக்கி, அவ்வப்போது இடம் மாற்றிக்கொண்டிருப்பது வெட்டி வேலை என்று 2016-இல் கெர்னல் நிரலாளர் தாமஸ் கிளைக்ஸ்னர் அந்த ஏற்பாட்டையே மாற்றி எழுதினார். ஜார்ஜ் வர்கீஸும் டோனி லாக்கும் 1987-இல் விளக்கிய ‘டைமர் சக்கரம்’தான் அதன் அடிப்படை. வர்கீஸ் மும்பை ஐஐடியில் படித்தவர்.

அதன்பின் நடந்ததெல்லாம் பெருக்கித் துடைக்கும் வேலை. பழைய டைமர், எந்த நிரலை அழைக்க வேண்டும், அதனிடம் எதைக் கொடுக்க வேண்டும் என்ற இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருந்தது. நினைவகத்தில் அத்துமீறி எழுதத் தெரிந்த திருடனுக்குப் பூட்டும் சாவியும் ஒரே இடத்தில் கிடைத்த மாதிரி. இன்னொரு கெர்னல் நிரலாளர் கீஸ் குக்கும் கூட்டாளிகளும், சாதனங்களை இயக்கும் டிரைவர் நிரல்களை ஒவ்வொன்றாகத் தேடிப்போய் மாற்றினார்கள். 2018 ஜனவரியில் வந்த 4.15-ஆம் பதிப்பில் பழைய வடிவம் ஒழிந்தது. ‘அழித்துவிட்டேன்’ என்று நம்பிய டைமர், தன்னைத் தானே மறுபடி கிளப்பிக்கொள்ளும் தொல்லையைத் தடுக்க 2023-இல் 6.2-ஆம் பதிப்பு வழி செய்தது. 2025-இல் ‘டெல் டைமர்’ என்ற பழைய பெயரையும் கெர்னல் முழுக்கத் தேடித் துடைத்து, ‘டைமர் டெலீட்’ ஆக்கினார்கள். பெயர் மாற்ற இவ்வளவு பாடா என்று கேட்கத் தோன்றும். ஒரே வேலைக்கு இரண்டு பெயர் இருந்தால், புதிதாக வருகிறவர் தவறானதைத்தான் காப்பியடிப்பார்.

இந்தக் கூட்டத்தின் புத்தி எப்படிப்பட்டது என்பதற்கு இன்னொன்று. கெர்னலில் நொடிக்கு ஆயிரம் முறை எண்ணும் 32 பிட் எண்ணி, சுமார் 49.7 நாளில் நிரம்பி மறுபடி பூஜ்யத்துக்கு வரும். அப்போது வெடிக்கும் பிழைக்காக ஐம்பது நாள் காத்திருக்க யாரால் முடியும்? அதனால் நிரம்ப ஐந்து நிமிடம் இருக்கும் இடத்திலிருந்தே எண்ணியைத் தொடங்கிவைக்கிறார்கள். பிழை இருந்தால் மெஷினைப் போட்ட ஐந்தாவது நிமிடமே தெரிந்துவிடும்.

தமிழ்நாட்டுக்கு இதில் பங்கு இல்லாமல் இல்லை. ‘பாஸ்’ லினக்ஸ், கணினி ஆய்வு மையமான சி-டாக்கின் சென்னைக் கிளையில் உருவானது. அரசின் இலவச மடிக்கணினிகளில் ஏறி மாணவர் கைக்கும் போனது. ஆண்ட்ராய்டு போன் ஒவ்வொன்றிலும் ஓடுவது இதே கெர்னல்தான். ஆனாலும் நம் பொறியியல் கல்லூரிகளில் இறுதியாண்டு புராஜெக்ட் என்றால் ‘புதிதாக ஒன்று’ செய்தாக வேண்டும். ஏற்கெனவே ஓடுவதில் நாற்பது வரியை நீக்கி, எதுவும் உடையவில்லை என்று நிரூபிக்கும் மாணவிக்கு அங்கே மதிப்பெண் இல்லை. இது அநியாயம். அந்த நாற்பது வரியை நீக்க, நானூறு வரியைப் புரிந்துகொண்டிருக்க வேண்டும். உலகின் கண்டிப்பான நிரலாளர்கள் வரிக்கு வரி குறை சொல்வதையும் தாங்க வேண்டும். எந்த வைவாவும் இவ்வளவு கடுமையாக இருக்காது.

கெர்னல் ஏற்றுக்கொண்ட திருத்தம் ஒவ்வொன்றிலும் எழுதியவர் பெயரும் தேதியும் பதிவாகின்றன, யாரும் சரிபார்க்கலாம். அந்தப் பதிவையே இறுதியாண்டு புராஜெக்டாக ஏற்கலாம் என்று அண்ணா பல்கலைக்கழகம் ஒரு சுற்றறிக்கை அனுப்பட்டும். வரும் கல்வியாண்டிலேயே தொடங்கலாம்.