பைப்பு பெருசானா பவர் பெருசாகுமா?

எங்க வீட்டில் ஒரு ப்ரீமியர் பத்மினி இருக்கிறது. தாத்தா 1986-ல் வாங்கியது. தாத்தாவுக்கு அப்புறம் அப்பா அதை இன்னொரு பிள்ளை மாதிரி வளர்க்கிறார். (என்னை விட அதுக்குத்தான் செலவு அதிகம் என்பது அம்மாவின் கருத்து :-))

போன வருஷம் மே மாசம் குலதெய்வம் கோயிலுக்குக் கிளம்பினோம். செங்கல்பட்டு தாண்டினதும் வண்டி இருமி இருமி நின்னுபோச்சு. மொட்டை வெயில். அரை மணி நேரம் பானெட்டைத் திறந்து வெச்சா ஸ்டார்ட் ஆகும், பத்து கிலோமீட்டர் போனதும் மறுபடி மக்கர். அன்னிக்குத்தான் அப்பா முதல் தடவையா "வித்துடலாம்டா" என்றார். எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது.

மெக்கானிக் அண்ணன் பார்த்தவுடனே சொல்லிவிட்டார். "தம்பி, பெட்ரோல் பைப்பு சின்னது. சப்ளை பத்தலை. 10 எம்.எம். போட்டுட்டா பறக்கும்."

போட்டார். பறக்கவில்லை. ஒரு வாரம் கழிச்சு அப்பா வீட்டு வாசல்லயே வண்டியை ஆஃப் பண்ணிட்டுக் கத்தினார், "டேய், பெட்ரோல் வாடை வருதுடா!" திறந்து பார்த்தால், 8 மி.மீ. முனையில் 10 மி.மீ. ஹோஸை மாட்டி, கிளிப்பை இறுக்கு இறுக்குன்னு இறுக்கியதில் ரப்பர் மடிஞ்சு, அந்த இடுக்கு வழியா சொட்டு சொட்டாக ஒழுகிக்கொண்டிருந்தது. ஒரு சாண் தள்ளி, கொதிக்கிற எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு. நினைச்சா இப்பவும் வயித்தைக் கலக்குது.

அதனால்தான் இந்தப் புலம்பல். பழைய வண்டி எது நின்னாலும் "பைப்பைப் பெருசாக்கு" என்பது ஒரு வியாதியாகவே ஆகிவிட்டது. என் கட்சி இதுதான்: பைப்பு சைஸ் கடைசியாகச் சந்தேகப்பட வேண்டிய விஷயம். அதையும் கணக்குப் போட்டுத்தான் மாத்தணும்.

கணக்கு ஒண்ணும் கம்பசூத்திரம் இல்லை. பத்மினி இன்ஜின் 1089 சிசி, சுமார் 40 குதிரைத்திறன். இந்த மாதிரி கார்புரேட்டர் இன்ஜினில் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குத் தோராயமாக 230 கிராம் பெட்ரோல். முழு மிதி மிதிச்சாலும் மணிக்கு 12 லிட்டர் சொச்சம். அதாவது நிமிஷத்துக்கு ஒரு சின்ன டம்ளர், 200 மில்லி. அவ்வளவுதான் அது குடிக்கும்!

எங்க வண்டியின் இரும்புக் குழாயை வெர்னியர் வெச்சு அளந்தேன். வெளியே 8 மி.மீ., உள்ளே 6. பின்னாடி டாங்கில் இருந்து முன்னாடி பம்ப் வரைக்கும் 4 மீட்டர்னு வெச்சுக்குங்க. இதுல 12 லிட்டர் போகும்போது ஏற்படுகிற அழுத்த இழப்பு, 2 செ.மீ. உயரத் தண்ணீரின் அழுத்தத்துக்குச் சமம். பம்ப் கார்புரேட்டருக்குத் தள்ளுவதோ 2 பி.எஸ்.ஐ.க்கு மேல். ஒரு பி.எஸ்.ஐ. என்பதே 70 செ.மீ. தண்ணீர். ஆக 6 மி.மீ. தாராளம்.

அதுக்காக எவ்வளவு வேணா சின்னதாக்கலாம்னு அர்த்தமில்லை. விட்டம் பாதியானால் இழப்பு 16 மடங்கு. முழு நீளத்துக்கும் 3 மி.மீ. போட்டால் அந்த 2 செ.மீ., 30-ஐத் தாண்டிவிடும். இந்த வண்டியில் பம்ப் முன்னாடி இருக்கிறதால டாங்கில் இருந்து உறிஞ்சித்தான் இழுக்கணும். உறிஞ்ச உறிஞ்சக் குழாய்க்குள் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைஞ்சா பெட்ரோல் சீக்கிரமே ஆவியாகும். வேப்பர் லாக் வருகிற வழிகளில் இது ஒண்ணு.

சரி, பெருசாப் போட்டா என்ன நஷ்டம்? இருக்கு. டிராஃபிக்கில் ஐட்லிங்கில் நிக்கும்போது மணிக்கு ஒரு லிட்டர் குடிக்கும்னு வைங்க. சூடான இன்ஜின் ரூமில் ஒரு மீட்டர் குழாய் ஓடுது. உள்விட்டம் 6 மி.மீ. என்றால் பெட்ரோல் அந்தச் சூட்டைக் கடக்க 100 செகண்ட். 10 மி.மீ. என்றால் 280 செகண்ட். கிட்டத்தட்ட மூணு மடங்கு நேரம் அடுப்பு மேல உக்காந்திருக்கு. வெயில்ல நிக்கிற வண்டிக்கு வைத்தியம் பண்றேன்னு நோயை அதிகமாக்கியதுதான் மிச்சம்.

இந்த 10 மி.மீ. யோசனை எங்கிருந்து வந்திருக்கும்? என் சந்தேகம், அமெரிக்க வி8 வீடியோக்கள்தான். 300 குதிரைத்திறன் இன்ஜினுக்கு முக்கால் பங்கு அரை இஞ்ச் பைப்பு, அதாவது 9.5 மி.மீ., சரியான அளவு. அது மணிக்கு 90 லிட்டர் குடிக்கிற பகாசுரன். நம்ம பத்மினி டம்ளர்ல சாப்பிடுற பொண்ணு. இன்ஜினையே மாத்திப் பெருசு போட்டவங்க கணக்கைத் திருப்பிப் போடட்டும், அது நியாயம்.

இன்னொரு குழப்பமும் உண்டு. இரும்புக் குழாயை வெளிவிட்டத்தில் சொல்வார்கள், ரப்பர் ஹோஸை உள்விட்டத்தில் சொல்வார்கள். 8 மி.மீ. குழாய்க்கு 8 மி.மீ. ஹோஸ்தான் பொருந்தும். கடையில் வெறுமனே "பெட்ரோல் டியூப் கொடுங்க" என்றால் வம்புதான்.

அப்ப எங்க வண்டியின் உண்மையான கோளாறு? டாங்க் பக்கத்தில் இருந்த ஒரு சாண் ரப்பர் ஹோஸ். வெட்டிப் பார்த்தால் உள்பக்கம் பிசின் மாதிரி கொழகொழன்னு உரிஞ்சு தொங்குது. பம்ப் உறிஞ்சும்போதெல்லாம் அந்தத் தோல் வழியை அடைச்சிருக்கு. 2025-ல் நாடு முழுக்க 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தாச்சு. பழைய ரப்பர் அதைத் தாங்காது. பம்ப் உறிஞ்சுகிற பக்கத்தில் இன்னொரு ஆபத்தும் இருக்கு. ஹோஸில் விரிசல் விழுந்தால் பெட்ரோல் ஒழுகாமலே காத்தை இழுக்கும், வெளியே ஒண்ணுமே தெரியாது.

எத்தனால் தாங்கும் ஹோஸ் வாங்கினோம் (மேலே எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்று அச்சிட்டிருக்கும்). பழைய குழாயையே திரும்பப் போட்டு, எக்ஸாஸ்ட்டை விட்டு நாலு விரக்கடை தள்ளி ஓட்டினோம். மெக்கானிக் அண்ணனே வந்து பண்ணிக் கொடுத்தார். வெட்டின ஹோஸைக் காட்டினதும், "அட, இதை நான் பாக்கலையே தம்பி" என்றார். பெரிய மனசு. திட்ட வந்தவன் டீ வாங்கிக் கொடுத்துட்டு வந்தேன்.

ஆகவே மக்களே, வண்டி நின்னா முதலில் டாங்க் மூடியைத் தளர்த்திப் பாருங்க. காத்துத் துளை அடைச்சிருந்தா அதுவே போதும் வண்டி நிக்க. அப்புறம் ஃபில்டர், அப்புறம் ஒவ்வொரு ரப்பர் துண்டும், அப்புறம் குழாய் சூட்டுப் பக்கம் போகுதான்னு. இதெல்லாம் முடிஞ்சப்புறம் சைஸைப் பத்திப் பேசலாம்.

இந்த மே மாசம் அதே கோயிலுக்கு அதே வண்டியில் போய் வந்தோம். எங்கேயும் நிக்கலை. வித்துடலாம்ங்கிற பேச்சை அப்பா அதுக்கப்புறம் எடுக்கவே இல்லை.

டிஸ்கி: பெட்ரோல் லைனைக் கழட்டும்போது பேட்டரியையும் கழட்டிடுங்க. இன்ஜின் ஆறின பிறகு மட்டும். பக்கத்தில் பீடி பிடிக்கிற பெரியப்பாவைத் தூரமாக அனுப்பிவிடவும் :-)