கற்றுக்குட்டியாக இருக்கும் உரிமை

திருவண்ணாமலை கிரிவலப் பாதையில், மலைக்கு மேற்கே இருக்கிறது அடி அண்ணாமலை. வாரக் கடைசியில் இந்த மாவட்டத்துச் சாலைகளில் ஜவ்வாது மலையை நோக்கிப் போகும் ஜீப்புகளைப் பார்க்கலாம். உயர்த்தப்பட்ட உடல், பல் பிடித்த டயர், முன்னால் வின்ச், மேலே வரிசையாக விளக்குகள். கரடுமுரடான பாதையில் ஓட்டுவதற்கென்று வண்டியை மாற்றி அமைப்பது நகரத்து நடுத்தர வர்க்க இளைஞர்களிடம் ஒரு பொழுதுபோக்காக வளர்ந்திருக்கிறது. அவர்களில் சிலர் இப்போது ஒரு படி மேலே போய், அந்த வேலையைத் தங்கள் கைகளாலேயே செய்கிறார்கள். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, ஷாக் அப்சார்பரைக் கழற்றி, ஸ்பிரிங் மாற்றி, கிரீஸ் படிந்த கையைப் படம் எடுத்துப் போடுகிறார்கள்.

இதைக் கேலி செய்வதற்காக இதை எழுதவில்லை. கையால் வேலை செய்வதை இழிவு என்று கற்பித்த ஒரு சமூகத்தில், படித்தவர் ஒருவர் ஸ்பேனரை எடுப்பது நல்ல செய்திதான். ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. அதே ஸ்பேனரை, அதே வேலைக்காக, பதினாறு வயதில் எடுத்த ஒருவருக்கு நாம் என்ன பெயர் வைத்திருக்கிறோம்? முதலாமவர் 'ஆர்வலர்'. இரண்டாமவர் 'மெக்கானிக் பையன்'. அவருக்கு நாற்பது வயதானாலும் 'பையன்' போகாது. இரண்டு பேர் கையிலும் இருப்பது ஒரே கிரீஸ்தான். ஒருவருக்கு அது பெருமையாகவும் மற்றவருக்கு அடையாளமாகவும் ஆவது எப்படி?

முதலில் வேலையைப் பற்றிப் பேசுவோம். வேலையைத் தெரிந்துகொள்ளாமல் வேலையின் மரியாதையைப் பேச முடியாது. ஜீப்பை உயர்த்துவது என்பது உயரமான ஸ்பிரிங்கை மாட்டிவிட்டு வருவது அல்ல. உடல் உயர்ந்தால் வண்டியின் புவியீர்ப்பு மையமும் உயரும். வளைவில் கவிழும் அபாயம் கூடும். பிரேக் ஹோஸின் நீளம் போதாமல் போகலாம். புரொப்பெல்லர் ஷாஃப்ட் நிற்கும் கோணம் மாறி, அதன் ஜாயின்ட்டுகள் சீக்கிரம் தேயும். ஹெட்லைட்டின் ஒளி மேலே ஏறி எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும். பெரிய டயர் மாட்டினால் ஸ்பீடாமீட்டர் உண்மையான வேகத்தைவிடக் குறைவாகக் காட்டும். பிரேக் பிடித்து நிற்கும் தூரமும் நீளும். லீஃப் ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் யு-போல்ட்டைக் கழற்றினால் பழையதையே திரும்பப் போடக் கூடாது. புதியதைப் போட்டு, சொல்லப்பட்ட அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்கி, சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடியும் முறுக்கிப் பார்க்க வேண்டும். அமுக்கி வைத்த காயில் ஸ்பிரிங் கை தவறினால் ஆளையே கொல்லும். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது. ஸ்டாண்டு வைத்து, சக்கரத்துக்கு அடைகட்டை கொடுத்த பிறகே போக வேண்டும்.

இவற்றையெல்லாம் பட்டறையில் பத்து வருடம் நின்றவர்கள் விரல் நுனியில் வைத்திருக்கிறார்கள். கழன்றுபோன போல்ட்டின் சத்தத்தைக் கேட்டே இடத்தைச் சொல்வார்கள். தமிழ்நாட்டில் இந்த அறிவு சிறியதல்ல. நாமக்கல்லில் லாரிகளுக்குப் பாடி கட்டுகிறார்கள். கரூரில் பேருந்துகளுக்குக் கட்டுகிறார்கள். திருச்செங்கோட்டில் லாரியின் மேல் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக்கை ஏற்றி இந்தியா முழுக்க அனுப்புகிறார்கள். இந்தத் தொழில்களை வளர்த்ததில் பெரும்பங்கு பொறியியல் பட்டம் பெறாத கைகளுடையது. ஆனால் 'தொழில்நுட்பம்' என்று சொன்னவுடன் நம் மனக்கண்ணில் வருவது அந்தக் கைகள் அல்ல, கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒருவர்.

இந்தப் பிரிவினை இயற்கையாக வந்ததல்ல. கிண்டி பொறியியல் கல்லூரியின் தொடக்கம் 1794இல் சென்னையில் அமைக்கப்பட்ட நில அளவைப் பள்ளி. அங்கிருந்து இன்றைய ஐஐடி வரையிலான வரலாற்றை மானுடவியலாளர் அஜந்தா சுப்பிரமணியன் 2019இல் வெளியான தமது நூலில் ஆராய்ந்திருக்கிறார். கைவினைஞர்களின் கையில் இருந்த தொழில்நுட்ப அறிவு, காலனிய ஆட்சியில் கல்லூரிப் பட்டமாகவும் அரசுப் பதவியாகவும் மாறியது. கருவியைத் தொட்டே பழக்கமில்லாத ஆதிக்கச் சாதியினர் அதற்குள் பொறியாளர்களாக நுழைந்தார்கள். கையால் செய்பவர்கள் கீழே தள்ளப்பட்டார்கள். பிறகு அந்த இடத்துக்குத் 'தகுதி' என்று பெயர் வைக்கப்பட்டது. சாதி என்பது வேலையைப் பிரிப்பது மட்டுமல்ல, வேலை செய்பவர்களையே ஒருவர்மேல் ஒருவராக அடுக்கிப் பிரிப்பது என்று அம்பேத்கர் 1936இல் சொன்னதற்கு, பொறியாளர்–மெக்கானிக் என்ற அடுக்கைவிடக் கண்கூடான உதாரணம் வேண்டுமா?

மோட்டார் பட்டறையில் இன்னொரு விசேஷமும் உண்டு. இது பரம்பரைத் தொழில் அல்ல. மோட்டார் வண்டி நம் ஊருக்கு வந்தே நூற்றுச் சொச்சம் ஆண்டுகள்தான் ஆகின்றன. ஜீப் ரிப்பேருக்குத் தலபுராணம் கிடையாது. கியர் பாக்ஸுக்கு எந்தச் சாதியும் உரிமை கொண்டாட முடியாது. பிரம்மாவின் எந்த அங்கத்திலிருந்தும் கார்புரேட்டர் பிறக்கவில்லை. இங்கே கற்ற எல்லோரும் ஒரு நாள் ஒன்றும் தெரியாதவர்களாக உள்ளே வந்தவர்கள்தான். அதனால்தான் மற்றத் தொழில்களின் கதவு மூடியிருந்த பலருக்கு இந்தக் கதவு திறந்தது. ஆக, திறமை ரத்தத்தில் வருவதில்லை, பழக்கத்தில் வருகிறது என்பதற்கு ஊர்தோறும் நிற்கும் சாட்சி இந்தப் பட்டறைகள். வீட்டு வாசலில் முதல்முறை ஸ்பேனர் பிடிக்கும் நகரத்து இளைஞரும் அதே உண்மைக்குத்தான் சாட்சி சொல்கிறார். அவர் தாத்தா மெக்கானிக் இல்லை. அவரால் கற்றுக்கொள்ள முடிகிறது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்ல வேண்டும்? அப்பன் தொழிலே பிள்ளைக்கு என்ற யோசனை இந்த நாட்டில் செத்துப்போகவில்லை. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தில் பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியிலும் மீதி நேரம் பெற்றோரின் தொழிலிலும் கழிக்க வேண்டும் என்றார்கள். பெரியாரும் திராவிட இயக்கமும் அதைக் குலக்கல்வி என்று அம்பலப்படுத்திப் போராடினார்கள். ராஜாஜி பதவி விலகி, 1954இல் காமராசர் முதல்வரானபோது திட்டம் கைவிடப்பட்டது. எழுபது ஆண்டுகள் கழித்து, 2023 செப்டம்பர் 17 அன்று ஒன்றிய அரசு விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியது. 18 தொழில்கள், குரு–சிஷ்ய மரபு, குடும்பத் தொழில் என்று அதே வாசனை. விண்ணப்பிப்பவரின் குடும்பம் அந்தத் தொழிலைச் செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை நீக்குங்கள், குறைந்தபட்ச வயதை 18இலிருந்து 35 ஆக்குங்கள் என்று தமிழ்நாடு அரசு கேட்டது. ஒன்றிய அரசு ஏற்கவில்லை; தமிழ்நாடு அந்தத் திட்டத்தில் சேரவில்லை. அந்த 18 தொழில்களில் மோட்டார் மெக்கானிக் இல்லை என்பதையும் கவனியுங்கள். பரம்பரை இல்லாத தொழிலுக்கு அந்தப் பட்டியலில் வேலை இல்லை.

எல்லோராலும் கற்க முடியும் என்றால், எல்லோருக்கும் கற்க அனுமதி இருக்கிறதா? இங்கேதான் சாதியும் வர்க்கமும் வேலை செய்கின்றன. கற்பது என்றால் தவறு செய்வது. போல்ட்டின் மரை போகும், ஒயர் கருகும், வாங்கிய பாகம் வீணாகும். தன் வண்டியில் இதைச் செய்பவருக்கு அது அனுபவம். நாலு நண்பர்கள் சிரிப்பார்கள், மறுபடி வாங்கிப் போடலாம். பட்டறையில் எடுபிடியாக நிற்கும் சிறுவன் அதே தவறைச் செய்தால் கன்னத்தில் அறை விழும். வாரக் கூலியில் பிடித்தம் விழும். முன்னவருக்குத் தவறு செய்ய உரிமை இருக்கிறது. பின்னவர் தவறே செய்யாமல் கற்க வேண்டும், அதுவும் யாரும் சொல்லிக்கொடுக்காமல் பார்த்தே கற்க வேண்டும்.

தமிழ்நாட்டின் மிகப் புகழ்பெற்ற கற்றுக்குட்டி மெக்கானிக் ஜி.டி.நாயுடு. கலங்கலில் பிறந்தவர், வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, கோவையில் ஓட்டலில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து அதை வாங்கி, அக்கு அக்காகக் கழற்றிப் பூட்டித் தொழில் கற்றார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. அவருடைய உழைப்பும் மேதைமையும் உண்மை. விவசாயக் குடும்பத்தில் பிறந்த அவருக்குத் தோற்றால் திரும்பிப் போக ஒரு வீடும் நிலமும் இருந்தன என்பதும் உண்மை. 2025 அக்டோபரில் கோவை அவிநாசி சாலை மேம்பாலத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அதே ஆர்வத்தோடு ஒரு சேரிப் பிள்ளை ஒரு மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் போட்டிருந்தால், எங்கே திருடினாய் என்பதுதான் முதல் கேள்வியாக இருந்திருக்கும்.

இது மிகைப்படுத்தல் என்று தோன்றினால், 2025 பிப்ரவரியை நினைத்துப் பாருங்கள். சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகளை வெட்டினார்கள். அவர் புல்லட் ஓட்டியதைப் பொறுக்காமல்தான் வெட்டினார்கள் என்று குடும்பத்தினர் சொன்னார்கள். மூன்று பேர் கைது செய்யப்பட்டார்கள். வெட்டுவதற்கு அவர்கள் தேர்ந்தெடுத்தது கைகளை. வண்டி இங்கே வெறும் வாகனமல்ல. யார் ஓட்டலாம், யார் தொடலாம், யார் கழுவ மட்டும் செய்யலாம் என்று ஊர் எழுதாத சட்டம் ஒன்று வைத்திருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை ஆயுத பூஜை அன்று ஸ்பேனருக்குச் சந்தனம் வைக்கிறார்கள். அந்த ஸ்பேனரைப் பிடித்த கைக்குத் தனி டம்ளர் வைத்த ஊர்களும் இதே தமிழ்நாட்டில்தான் இருக்கின்றன.

எழுதிய சட்டத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த மூல வடிவத்திலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். முன்பக்கம் மாட்டும் புல் பார்களுக்கு எதிராக நடவடிக்கை எடுக்கச் சொல்லி ஒன்றிய அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. நடந்து போகிறவர்மேல் மோதினால் அந்த இரும்பு என்ன செய்யும் என்பதை யோசித்தால் அதில் நியாயம் இருக்கிறது. ஆகவே கற்றுக்கொள்ளத் தொடங்குபவர்கள் உயர்த்துவதில் தொடங்க வேண்டியதில்லை. தயாரிப்பாளர் அந்த மாடலுக்கு அனுமதித்த அளவில் நல்ல டயர், தேய்ந்த ஷாக் அப்சார்பருக்குப் பதில் புதியது, பிரேக் பேட், ஆயில், ஏர் ஃபில்டர். இவற்றைச் சரியாகச் செய்யக் கற்றாலே முக்கால் பாடம் முடிந்தது.

இதை வாசிக்கும் தோழர்களில் பெரும்பாலானவர்களிடம் ஜீப் இருக்காது. ஒரு பழைய ஸ்பிளெண்டர் இருக்கும். அதுவும் இல்லையென்றால் நண்பருடையது இருக்கும். அது போதும். கருவியைத் தொட்டுக் கற்பது நமக்குப் பொழுதுபோக்கு மட்டுமல்ல. வாசிப்பவர்கள் ஒரு பக்கம், வேலை செய்பவர்கள் மறுபக்கம் என்ற கோட்டை நம் இயக்கத்துக்குள்ளும் நாம் வைத்திருக்கிறோம். என்னைப் போன்ற ஆய்வு மாணவர்கள் உழைப்பின் மாண்பைப் பற்றி அத்தியாயம் எழுதுவோம். பஞ்சர் ஒட்ட ஆளைக் கூப்பிடுவோம்.

செய்யக்கூடியவை இருக்கின்றன. அம்பேத்கர், பெரியார் படிப்பகங்களில் புத்தக அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு கருவிப்பெட்டியும் இருக்கட்டும். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊரில் இருக்கும் மெக்கானிக் ஒருவரை ஆசிரியராக அழைத்து, அவருடைய ஒரு நாள் வருமானத்துக்குக் குறையாத சம்பளம் கொடுத்து, பாடம் நடத்தச் சொல்லுங்கள். பேராசிரியருக்குப் போடும் நாற்காலியை அவருக்கும் போடுங்கள். பெண்கள் ஓரமாக நின்று பார்க்க வேண்டாம், முதலில் அவர்கள் கையில் ஸ்பேனரைக் கொடுங்கள். தானே செய்ததைப் படம் போடுகிற தோழர், சொல்லிக்கொடுத்தவரின் பெயரையும் அவர் சம்மதத்தோடு போடட்டும்.

அரசிடம் கேட்க வேண்டியதும் உண்டு. அரசு ஐடிஐ பட்டறைகளை மாலை நேரத்தில் ஊர் மக்களுக்குத் திறந்துவிட வேண்டும். பட்டறையில் கற்றவர்களின் அனுபவத்தை மதிப்பிட்டுச் சான்றிதழ் கொடுக்கும் முறை ஏற்கெனவே இருக்கிறது; அந்தச் சான்றிதழ் கடன் வாங்கவும் வேலைக்குச் சேரவும் மேற்படிப்புக்கும் உண்மையிலேயே செல்லுபடியாக வேண்டும். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தம், 14 வயதுக்கு உட்பட்டவர்களை வேலைக்கு வைப்பதைத் தடை செய்துவிட்டு, பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு சந்தையும் விட்டிருக்கிறது. அந்தச் சந்து அடைபட வேண்டும். பள்ளியில் இருக்க வேண்டிய பிள்ளை பள்ளியில் இருக்கட்டும். ஸ்பேனரை அவன் பள்ளியிலேயே பிடிக்கட்டும், பக்கத்தில் உட்காரும் டாக்டர் வீட்டுப் பிள்ளையும் சேர்ந்து பிடிக்கட்டும்.

ஒரு போல்ட்டைத் தவறாக முறுக்கி, மரை போய், அடி வாங்காமல், அவமானப்படாமல், மறுபடி முயன்று சரியாக முறுக்கும் வாய்ப்பு இன்று சிலருக்குத்தான் இருக்கிறது. அது எல்லோருக்கும் வேண்டும். ஒன்றும் தெரியாதவராகத் தொடங்கும் உரிமை இல்லாதவரிடம் போய்த் தகுதியைப் பற்றிப் பேச யாருக்கும் யோக்கியதை இல்லை.