தூங்குறவனைத் திட்டாதீங்க பாஸ்!

உங்க கிளாஸ்லயும் ஒருத்தன் இருப்பான். முதல் பீரியட்லயே கண் சொக்கும். அசைன்மென்ட்டை கடைசி நாள்லகூடத் தொட மாட்டான். படத்துக்குக் கூப்பிட்டா, 'நீங்க போயிட்டு வாங்கடா' என்பான். நாம வெச்ச பேர், சோம்பேறி. பெரும்பாலும் அது விடிய விடிய செல்போனை நோண்டினதோட விளைவுதான் (நானும் அந்தக் கட்சிதான்!). ஆனா, எங்கேயோ ஒருத்தருக்கு அது நோயா இருக்கும். மேட்டர் அதுதான்.

கனடாவின் கியூபெக் மாகாணத்துல சாகனே - லாக் சான் ஜான்னு ஒரு பகுதி. உலக அளவுல சுமார் 8,000 பேர்ல ஒருத்தருக்கு இருக்கிற ஒரு பரம்பரை தசை நோய், அங்கே ஏறக்குறைய 500 பேர்ல ஒருத்தருக்கு! ஆரம்பத்துல குடியேறின சில குடும்பங்களோட வந்த ஜீன், வாரிசுகள் பெருகப் பெருக தானும் பெருகிடுச்சு. நோயின் பெயர் மயோடோனிக் டிஸ்ட்ரோபி. 1909-ல் ஹான்ஸ் ஸ்டைனர்ட் என்ற ஜெர்மன் டாக்டர் இதை விவரிச்சு எழுதினார். கை குலுக்கினா பிடியைச் சட்டுனு விட முடியாது, விரல்கள் மெதுவாத்தான் பிரியும். முகம், கழுத்து, கை, கால் தசைகள் வருஷக்கணக்குல தளரும். பகல்ல தாங்க முடியாத தூக்கமும் வரும்.

தசை நோய்க்கும் தூக்கத்துக்கும் என்ன சம்பந்தம்? 1992-ல் காரணமான ஜீன் சிக்குச்சு. 19-வது குரோமோசோம்ல 'சி.டி.ஜி.'ங்கிற மூணு எழுத்து திரும்பத் திரும்ப வரும் இடம். சாதாரணமா 5-லிருந்து 34 தடவை. 50-ஐத் தொட்டா நோய். ஆயிரத்தைத் தாண்டினவங்களும் உண்டு. தலைமுறை மாறும்போது இந்த வால் இன்னும் நீளும். தாத்தாவுக்கு வயசான காலத்துல கண்புரையோட நின்னது, அம்மாவுக்கு 30 வயசுல தசையில தெரியலாம், பேரனுக்குப் பிறக்கும்போதே இருக்கலாம்.

புரோகிராம் எழுதுறவங்களுக்கு முடியாத லூப் ஞாபகம் வரும். இங்கே அந்த நீளமான வாலோட பிரின்ட் அவுட்தான் வில்லன். அந்த ஆர்.என்.ஏ. செல்லோட உட்கருவுக்குள்ள சிக்கலா சுருண்டு, 'மசில்பிளைண்ட்'ங்கிற புரதத்தைப் பிடிச்சு வெச்சுக்கும். மத்த ஜீன்களோட ஆர்.என்.ஏ.வை எடிட் பண்றது அந்தப் புரதத்தோட வேலை. எடிட்டரே கம்பிக்குள்ள இருந்தா என்ன ஆகும்? வளர்ந்த ஆளோட உடம்புல, கருவுல இருக்கவேண்டிய பழைய வெர்ஷன் ரிலீஸ் ஆகும். பேர்லதான் 'மசில்', வேலை மூளையிலும் உண்டு. அந்தக் குடும்பத்துப் புரதம் ஒண்ணை நீக்கின எலிகளுக்கு, 2012-ல் வெளியான ஆய்வுல தூக்கமும் இட ஞாபகமும் கெட்டுப்போச்சு. நோயாளிகளோட எம்.ஆர்.ஐ.யிலும் மூளையின் பகுதிகளை இணைக்கிற கேபிள் மாதிரியான வெள்ளைப் பொருள்ல மாற்றம் தெரியுது.

பெரியவங்களான பிறகு நோய் வந்தவங்க பலருக்கு அறிவு நல்லாவே இருக்கும். திட்டம் போடுறது, கவனத்தை மாத்துறது, முக்கியமா ஒரு வேலையைத் தானா ஆரம்பிக்கிறது, இதெல்லாம்தான் சிரமம். சோகமா இருக்கார்னு நினைப்போம். சோகமே இல்லாமலும் இப்படி இருக்கும். இதுல கொடுமை என்னன்னா, பலருக்குத் தனக்கு இப்படி ஆகுதுன்னே தெரியாது. டாக்டர் கேட்டா, 'நல்லா இருக்கேன்' என்பார்கள். பக்கத்துல இருக்கிறவங்க சொன்னாத்தான் உண்டு. சொல்லியே ஆகணும். ஏன்னா, இதே நோய் இதயத்துடிப்பையும் பாதிக்கும், மயக்க மருந்து ஆபத்தாகும்.

நோயைத் தீர்க்கிற மருந்து இன்னும் வரலை. ஆனா 2018-ல் நாலு ஐரோப்பிய நாடுகள்ல 255 பேரை வெச்சு ஒரு சோதனை வெளியாச்சு. வழக்கமான சிகிச்சையோட, பாதிப் பேருக்கு 10 மாசம் மனப் பயிற்சி, சிலருக்கு உடற்பயிற்சியும். அவங்க அன்றாட வேலைகளை முன்னைவிட அதிகமா செய்ய ஆரம்பிச்சாங்க. கூடவே, கீழே விழுந்த கணக்கும் அவங்ககிட்டதான் அதிகம். எழுந்து நடந்தாத்தானே பாஸ் விழ முடியும்!