ஒரே குடையா? தனிக் குடையா?

குருவிகுளம், சங்கரன்கோவில் பக்கம் திருநங்கைகள் பற்றி பேச்சு எழுந்தால், "எல்லாம் ஒண்ணுதானேப்பா!" என்று சொல்லி முடித்துவிடுவார்கள்.

ஒண்ணு இல்லை!

திருநங்கை, திருநம்பி என்பது "நான் யார்?" என்ற விஷயம். ஆணை ஆண் விரும்புவதும், பெண்ணை பெண் விரும்புவதும் "எனக்கு யாரைப் பிடிக்கும்?" என்ற விஷயம். இவர்கள் எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்திய பெயர்தான் எல்.ஜி.பி.டி.கியூ. அதில் "டி" என்ற எழுத்து திருநர்களைக் குறிக்கும்.

எழுத்து ஒரே வரிசையில் நிற்கிறது. சட்டம் அப்படி நிற்கவில்லை!

நாலு மாதத்தில் 2 தீர்ப்பு

2008-ம் ஆண்டே தமிழக அரசு திருநங்கைகளுக்கு நல வாரியம் அமைத்தது.

2013 டிசம்பரில், ஒரே பாலினத்தவர் உறவைக் குற்றமாக்கும் 377-வது பிரிவு செல்லும் என்றது சுப்ரீம் கோர்ட்டு. நாலே மாதம் கழித்து, 2014 ஏப்ரல் 15-ந் தேதி, அதே கோர்ட்டு திருநர்களை மூன்றாம் பாலினமாக ஏற்றது. மற்றவர்கள் "குற்றவாளி" பட்டம் நீங்க 2018 செப்டம்பர் வரை காத்திருந்தார்கள்.

தூத்துக்குடி கல்யாணம்

2018-ல் தூத்துக்குடி கோவிலில் ஒரு வாலிபரும் திருநங்கையும் மாலை மாற்றினார்கள். பதிவு செய்ய அதிகாரிகள் மறுத்தார்கள். விவகாரம் மதுரை ஐகோர்ட்டுக்குப் போனது. இந்து திருமணச் சட்டம் சொல்லும் மணமகள், திருநங்கையாகவும் இருக்கலாம் என்று 2019 ஏப்ரலில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் தீர்ப்பு கூறினார்.

ஒரே பாலினத்தவர் திருமணத்துக்கோ 2023 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு சட்ட அங்கீகாரம் தர மறுத்தது. திருநங்கை ஆணை மணக்கலாம் என்பதை அதே தீர்ப்பு ஒப்புக்கொண்டது.

ஏன் இந்த பயம்?

தமிழக அரசு இவர்களுக்காக கொள்கை வகுத்தபோது, இரண்டாக வேண்டுமா, ஒன்றாக வேண்டுமா என்ற கேள்வி 2025-ல் சென்னை ஐகோர்ட்டில் எழுந்தது. ஒரே கொள்கையாக இருந்தால் நல்லது என்று நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் கருதினார். திருநர்களில் பலர் "எங்களுக்குத் தனியாக வேண்டும்" என்றனர். 2025 ஜூலையில் திருநர் கொள்கை தனியாகவே வெளியானது.

வருஷக்கணக்கில் தெருவில் நின்று வாங்கிய பங்கு, பொதுக் குடையில் கரைந்துவிடுமோ என்ற பயம்தான் இதற்குக் காரணம். பயத்தில் நியாயம் உண்டு. அமெரிக்காவில் 1973-ல், நியூயார்க் பேரணி மேடை ஏறிய போராளி சில்வியா ரிவேராவைப் பார்த்து கூச்சல் போட்டது எதிரிகள் அல்ல, அதே இயக்கத்துக் கூட்டம்தான்!

ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. 2021-ல் மதுரையில் இருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு பெண்கள், பெற்றோருக்கும் போலீசுக்கும் பயந்து ஐகோர்ட்டு படி ஏறினார்கள். அவர்களுக்கு வாரியம் இல்லை, அடையாள அட்டை இல்லை.

வீட்டை விட்டு விரட்டும் கை, "நீ எந்த எழுத்து?" என்று கேட்பதில்லை.

வீடு, வேலை, இட ஒதுக்கீடு தனியாக இருக்கட்டும். அடி உதையில் இருந்து பாதுகாப்பு எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும்.

சங்கரன்கோவிலில் சங்கரனும் நாராயணனும் ஒரே மேனியில் நிற்கிறார்கள். ஒருவரை ஒருவர் விழுங்கவில்லையே!